செஸ்ட்நட் மரம் தேடி அப்பலாச்சிய மலைகளில்

வெள்ளி, பிராங்ஸ், நியூயார்க்

பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலைக்குப் போகிறவர்கள் கொரில்லாவையும் புலியையும் பார்க்கத்தான் போவார்கள். அக்காவும் நானும் மரங்களுக்காகப் போனோம். அந்த மரங்கள் இப்போது அங்கே இல்லை என்று தெரிந்தேதான் போனோம்.

அக்கா கோயம்புத்தூரில் வேளாண்மை படித்தவள். தாவர நோயியல் பாடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு நாட்டின் மரத்தையே காலி செய்த நோய்களின் வரிசையில் அமெரிக்கச் செஸ்ட்நட் கருகல் நோயும் உண்டு. பரீட்சைக்காகப் படித்த அந்த நோய் தொடங்கிய ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறோமே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்த அக்டோபரில்தான் இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைத்தது. தினமும் இரவில் தங்கும் இடத்திலிருந்து எழுதிப் போடுவதாக எண்ணம்.

1904-இல் இந்தக் காட்சிசாலையின் மரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹெர்மன் மெர்க்கல். நடைபாதை ஓரத்துச் செஸ்ட்நட் மரங்களில் சில கிளைகள் மட்டும் திடீரென்று காய்ந்து நிற்பதை அவர் கவனித்தார். பட்டையில் வெடிப்பு, வெடிப்பைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் பூஞ்சை. மருந்து அடித்தார், கிளைகளை வெட்டினார், ஒன்றும் பயனில்லை. அடுத்த ஆண்டுக்குள் பிராங்ஸில் நோய் தொடாத செஸ்ட்நட் மரத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் வேலை செய்த வில்லியம் மரில் அந்தப் பூஞ்சையைப் பிரித்து வளர்த்து, நல்ல கன்றுகளில் ஏற்றிப் பார்த்து, நோய்க்குக் காரணம் இதுதான் என்று உறுதி செய்தார். 1906-இல் அதற்குப் பெயரும் வைத்தார். பெயர் பிறகு மாறி மாறி, இப்போது கிரிஃபோனெக்ட்ரியா பாராசிடிகா என்று நிற்கிறது.

நோய் இந்த நாட்டுக்குள் வந்த வழி நாற்றங்கால் வழி. ஜப்பானியச் செஸ்ட்நட் சீக்கிரம் காய்க்கும், கொட்டையும் பெரிது. 1876-இலேயே குவீன்ஸில் ஃப்ளஷிங் என்ற இடத்தில் இருந்த ஒரு நாற்றங்கால் அதை இறக்குமதி செய்திருக்கிறது. அதன் பிறகு கன்றுகள் தபாலில் ஊர் ஊராகப் போயின. 1913-இல் ஃபிராங்க் மேயர் என்ற தாவரத் தேடலாளர் சீனாவில் அதே பூஞ்சையைக் கண்டுபிடித்தார். அங்கே மரத்தில் புண் வருகிறது, மரம் தாங்கிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான வருடங்கள் சேர்ந்தே வாழ்ந்த பழக்கம். அமெரிக்க மரத்துக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

மாலையில் மன்ஹாட்டனில் தள்ளுவண்டிக்காரரிடம் சுட்ட செஸ்ட்நட் வாங்கினோம். சாப்பிட்டிராதவர்களுக்கு: சுட்ட பலாக்கொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் இன்னும் கொஞ்சம் இனிப்பு. இங்கே விற்பது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருகிற இனம்.

சனி, 81-ஆம் எண் நெடுஞ்சாலை

நாள் முழுக்கக் கார். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மேரிலாந்தில் ஒரு துண்டு, மேற்கு வர்ஜீனியாவில் ஒரு துண்டு, பிறகு முடிவே இல்லாத வர்ஜீனியா. இடப்பக்கம் முழுக்க ப்ளூ ரிட்ஜ் என்ற நீலமலைத் தொடர் கூடவே வந்தது. ஓக்கும் ஹிக்கரியும் மேப்பிளும் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மலைகளின் பல பகுதிகளில் நான்கில் ஒரு மரம் செஸ்ட்நட். நூறடி உயரம் சாதாரணம். ஜூன் கடைசியில் பூக்கும்போது மலைச்சரிவு முழுக்க வெளுத்துக் கிடக்குமாம். வடக்கே மெய்ன் மாநிலத்திலிருந்து தெற்கே அலபாமா வரைக்கும் இருந்த கிட்டத்தட்ட 400 கோடி மரங்கள், 1950 வாக்கில், அதாவது அரை நூற்றாண்டுக்குள், பட்டுப்போயின. கார் போய்க்கொண்டே இருக்க, காடும் வந்துகொண்டே இருக்க, அந்த 400 கோடி என்ற எண் எனக்கு இன்றைக்குத்தான் ஓரளவு புரிந்தது.

ஹாரிஸ்பர்க்கைத் தாண்டும்போது அக்கா சொன்ன கதையைக் கட்டாயம் எழுத வேண்டும். 1911-இல் பென்சில்வேனியா அரசு இந்த நோயை நிறுத்துவதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்து இரண்டே முக்கால் லட்சம் டாலர் ஒதுக்கியது. ஆட்கள் காடு காடாகப் போய் நோய் கண்ட மரத்தைத் தேடி வெட்டுவார்கள். தனியார் நிலத்துக்குள்ளும் நுழைந்து வெட்ட அதிகாரம் உண்டு. 1912 பிப்ரவரியில் இதே ஹாரிஸ்பர்க்கில் பெரிய மாநாடு நடந்தது. பயன் இல்லாத முறைக்குப் பொதுப்பணத்தைக் கொட்டுவதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று எஃப்.சி. ஸ்டூவர்ட் என்ற நோயியல் அறிஞர் அங்கே எழுந்து பேசினார். யாரும் கேட்கிற மனநிலையில் இல்லை. 1913-இல் ஆணையம் மூடப்பட்டது. நோய் அதன் பாட்டுக்கு மேற்கேயும் தெற்கேயும் போய்க்கொண்டிருந்தது.

போகாமல் என்ன செய்யும்? மழையில் ஈரமானதும் புண்ணிலிருந்து பிசுபிசுப்பான இழைகளாக வித்துகள் வெளியே வரும். பறவையின் காலில், பூச்சியின் மேல், மரவெட்டியின் கோடாலியில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வகை வித்து காற்றிலேயே பறக்கும். கோடாலியால் பிடிக்கிற விஷயம் இல்லை அது.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். நோய் வரப்போகிறது, எப்படியும் சாகப்போகிற மரம்தானே, இப்போதே வெட்டிக் காசாக்குங்கள் என்று நிலக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் அறிவுரை போனது. நோய் எட்டிப் பார்க்காத மரங்களையும் சேர்த்து வெட்டினார்கள். 400 கோடியில் ஒரு சில மரங்களாவது இந்தப் பூஞ்சையைத் தாங்கியிருக்கலாம். எது தாங்கும், எது தாங்காது என்று பார்க்கிற அளவுக்குக்கூட அவற்றை நிற்க விடவில்லை. நோயைக் கொண்டுவந்தது தெரியாமல் நடந்தது, அதை என்னால் மன்னிக்க முடிகிறது. இந்த அவசரத்தை மன்னிக்க முடியவில்லை.

ஞாயிறு, ஃபேன்சி கேப், வர்ஜீனியா

காலையில் நீலமலைப் பார்க்வே சாலையில் ஏறி கிரவுண்ட்ஹாக் மலைக்குப் போனோம். பழைய புகையிலைக் கொட்டகை மாதிரி ஒரு மரக்கோபுரம் இருக்கிறது, அதைச் சுற்றிலும் வேலிகள். அந்த வேலிகள்தான் விஷயம். எல்லாம் செஸ்ட்நட் கட்டைகள். ஓர் ஆணிகூட இல்லாமல், வளைந்து வளைந்து, கட்டை மேல் கட்டையாக அடுக்கியது ஒரு வகை, முட்டுக் கொடுத்துச் சாய்த்தது ஒரு வகை, கம்பம் நட்டு நடுவில் செருகியது ஒரு வகை.

நான் ஒரு கட்டையில் கை வைத்தேன். சாம்பல் நிறம், மேலே பாசி, உள்ளே இரும்பு. இந்த மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருப்பதால் மண்ணிலும் மழையிலும் கிடந்தாலும் எளிதில் மக்காது. அதே டானினைத் தோல் பதனிடவும் எடுத்தார்கள். நார் நேராக ஓடுவதால் ஆப்பு வைத்து அடித்தால் சீராகப் பிளக்கும். அதனால் வேலி, கூரைப் பலகை, ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டை, தந்திக் கம்பம், வீட்டுச் சுவர், தொட்டில், சவப்பெட்டி என்று எல்லாம் இதிலேயே செய்தார்கள்.

கோபுரத்தின் அடியில் ஒரு பெரியவர் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தோம். அவர் பிறப்பதற்கு முன்பே மரங்கள் போய்விட்டன, ஆனால் பாட்டி சொன்ன கதைகள் அத்தனையும் நினைவிருக்கின்றன. இலையுதிர்காலத்தில் பிள்ளைகள் விடிவதற்கு முன் எழுந்து காட்டுக்குப் போவார்கள், பன்றிக்கு முன்னால் போனால்தான் நல்ல கொட்டை கிடைக்கும். கடைக்காரரிடம் சாக்கு சாக்காகக் கொடுத்து, பதிலுக்கு உப்பும் துணியும் வாங்குவார்கள். அவருடைய அப்பாவுக்குக் குளிர்காலச் செருப்பு வந்தது செஸ்ட்நட் காசில்தான். கொட்டை இங்கிருந்து ரயிலேறி நகரங்களுக்குப் போனது.

ஓக் ஒரு வருடம் நிறையக் காய்க்கும், அடுத்த வருடம் ஏமாற்றும். செஸ்ட்நட் பூப்பது பனிக்காலம் முழுதாக விலகிய பிறகு, அதனால் வருடம் தவறாமல் காய்க்கும். கரடி, மான், காட்டு வான்கோழி, அணில் எல்லாம் அதை நம்பியிருந்தன. மலைக்காரர்கள் பன்றிகளைக் காட்டில் அவிழ்த்துவிட்டுக் கொழுக்க வைத்ததும் அதை நம்பித்தான். நிலமே இல்லாதவனுக்கும் அந்த மரம் கொடுத்தது. மரங்கள் இந்தப் பக்கம் சாகத் தொடங்கிய கொஞ்ச காலத்தில் 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியும் வந்துசேர்ந்தது. சாக்கும் போனது, சம்பளமும் போனது. இந்த மலைகளை விட்டு ஆட்கள் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் போனதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

திங்கள், மெடோவியூ, வர்ஜீனியா

இந்தப் பயணமே இன்றைய நாளுக்காகத்தான். முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தோம், வரச்சொல்லியிருந்தார்கள்.

அமெரிக்கச் செஸ்ட்நட் அறக்கட்டளை 1983-இல் தொடங்கியது. மெடோவியூவில் ஆய்வுப் பண்ணை 1989-இல் வந்தது. யோசனை சார்லஸ் பர்னம் என்ற மக்காச்சோள மரபியலாளருடையது. சீன மரத்தையும் அமெரிக்க மரத்தையும் கலந்தால் நோய் தாங்கும், ஆனால் மரம் குட்டையாகப் படர்ந்துவிடும், காட்டில் ஓக்கோடு போட்டி போடாது. முன்பு அரசு நடத்திய கலப்புத் திட்டம் அதில்தான் முட்டி நின்றது. மக்காச்சோளத்தில் நாம் செய்வதுபோல, கலப்பின மரத்தை மறுபடி மறுபடி அமெரிக்க மரத்தோடேயே சேர்க்கலாமே என்றார் பர்னம். மூன்று முறை அப்படிப் பின்கலப்பு செய்தால் பதினாறில் பதினைந்து பங்கு அமெரிக்க மரம், மீதி ஒரு பங்கில் சீன மரத்தின் எதிர்ப்புத் திறன். கணக்கு அழகானது.

அந்தக் கணக்கு, எதிர்ப்புத் திறன் இரண்டு மூன்று மரபணுக்களில்தான் இருக்கிறது என்று நம்பிப் போட்டது. பின்னால் மரபணு வரிசையைப் படித்தபோது அது பல குரோமோசோம்களில் சிதறிக் கிடப்பது தெரிந்தது. கொஞ்சம் எதிர்ப்பு வேண்டுமானால் கொஞ்சம் சீன மரம், அதிக எதிர்ப்பு வேண்டுமானால் அதிகச் சீன மரம். பல வருட உழைப்பு வீணாகவில்லை, ஆனால் பாதை நீண்டுவிட்டது. எங்களைச் சுற்றிக் காட்டிய பெண்மணி இதைச் சாதாரணமாகச் சொன்னார். இப்போது கன்றின் மரபணுவைப் பார்த்தே எது தேறும் என்று கணித்து, தேறியவற்றை ஒன்றோடொன்று சேர்த்து அடுத்த தலைமுறையை உண்டாக்குகிறார்கள்.

தோட்டத்துக்குள் நடந்தோம். வரிசை வரிசையாக மரங்கள், ஒவ்வொன்றிலும் எண் அட்டை. முள்கூடுகள் வெடித்துக் கீழே கிடந்தன. கையுறை இல்லாமல் தொடவே முடியாது, அத்தனை முள், ஆனால் உள்பக்கம் வெல்வெட். ஒரு கூட்டுக்குள் மூன்று கொட்டை. சீனக் கொட்டையைவிடச் சின்னது, நுனியில் பூனைமுடி. பச்சையாகவே ஒன்றைக் கடிக்கக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை தின்றதைவிட இனிப்பு அதிகம். விதைக்கு எடுப்பதைக் காயவிடக் கூடாதாம், உலர்ந்தால் செத்துவிடும். பீட் என்ற ஈரமான மக்கிய பாசியில் புதைத்துக் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள்.

ஒரு வரிசை முழுக்கப் பட்டையில் வட்டமாக ஓட்டை போட்டது தெரிந்தது. மரத்துக்கு வேண்டுமென்றே நோயை ஏற்றுகிறார்கள். பூஞ்சை வளர்ந்த சின்ன வில்லையை ஓட்டையில் வைத்துக் கட்டிவிட்டு, புண் எவ்வளவு நீளம் பரவுகிறது என்று அளப்பார்கள். அக்கா மண்டியிட்டு ஒரு புண்ணைக் கிட்டத்தில் பார்த்தாள். பூஞ்சை பட்டைக்கு அடியில் விசிறி மாதிரி விரிந்து, ஆக்ஸாலிக் அமிலத்தைச் சுரந்து, உயிருள்ள திசுவைக் கொன்றுகொண்டே முன்னேறுகிறது. தண்டைச் சுற்றி ஒரு முழு வளையம் போட்டுவிட்டால் அதற்கு மேலே எல்லாம் பட்டுப்போகும். தாங்குகிற மரமோ புண்ணைச் சுற்றித் தடித்த பட்டையைக் கட்டி அதை அங்கேயே நிறுத்திவிடுகிறது. இரண்டு விதமும் பக்கத்துப் பக்கத்து மரங்களில் இருந்தன. தேறாத மரங்களை வெட்டிவிடுவார்கள். நட்டதில் மிகப் பெரும்பான்மை வெட்டப்படுவதற்காகவே நட்டது.

நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸில் இருக்கிற வனவியல் கல்லூரியின் வழி வேறு. வில்லியம் பவலும் சார்லஸ் மேனார்டும் கோதுமையிலிருந்து ஒரே ஒரு மரபணுவை எடுத்துச் செஸ்ட்நட்டில் வைத்தார்கள். அது ஆக்ஸாலிக் அமிலத்தை உடைத்துவிடும். பூஞ்சை சாகாது, அதன் ஆயுதம் மட்டும் போய்விடும். அமிலத்தை உடைக்கும் இந்த நொதி வேறு பல தானியங்களிலும் இருப்பதுதான். டார்லிங் 58 என்று பெயர். 2020-இல் அரசின் அனுமதிக்கு விண்ணப்பித்தார்கள். 2023 நவம்பரில் பவல் காலமானார். அடுத்த மாதமே, சோதனையில் இருந்தவை உண்மையில் டார்லிங் 54 என்ற வேறு வரிசை என்றும், அவற்றின் வளர்ச்சியும் எதிர்ப்பும் எதிர்பார்த்தபடி இல்லை என்றும் சொல்லி அறக்கட்டளை ஆதரவை விலக்கிக்கொண்டது. கல்லூரி தொடர்ந்து முயல்கிறது. இதில் ஒரு பக்கம் சேர்ந்து பேச எனக்கு மனம் இல்லை. சரியில்லை என்று தெரிந்ததை வெளியே சொல்லி நிறுத்தியதும் சரி, கைவிடாமல் தொடர்வதும் சரி. 1912-இல் இந்த நிதானம் இருந்திருந்தால் எத்தனை மரம் மிஞ்சியிருக்கும்!

கிளம்பும்போது தன்னார்வலராக வேலை செய்யும் ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கையுறையோடு முள்கூடு பொறுக்கிக்கொண்டிருந்தார். இவை காட்டில் பெரிய மரமாக நிற்கிற காலத்தில் நான் இருக்க மாட்டேன், அதைப் பற்றி யோசிப்பதும் இல்லை, இன்றைக்கு இந்த வரிசையை முடிக்கணும் என்றார்.

செவ்வாய், செரோகி, வட கரோலினா

மழை. மலைச்சாலையில் மெதுவாகத்தான் வர முடிந்தது.

மதியம் கிரேட் ஸ்மோக்கி என்ற புகைமலைத் தேசியப் பூங்காவின் ஓகோனலஃப்டீ நுழைவில் இருக்கும் மலைப்பண்ணை அருங்காட்சியகம். அங்கே ஜான் டேவிஸ் என்பவர் சுமார் 1900-இல் கட்டிய வீடு இருக்கிறது. முழுக்கச் செஸ்ட்நட். ஒவ்வொரு மரத்தையும் நடுவில் பிளந்து, ஒரு பாதியை ஒரு சுவருக்கும் மறு பாதியை எதிர்ச்சுவருக்கும் வைத்திருக்கிறார், அதனால் இரண்டு சுவரும் ஜோடி. நனைந்த சுவரில் மர ரேகைகளை எதிரெதிராக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம்.

பக்கத்து ஊர் செரோகி மக்களுடையது. அவர்களுக்குச் செஸ்ட்நட் உணவு, மருந்து, இரண்டும். மக்காச்சோள மாவில் கொட்டையைச் சேர்த்து, சோள இலையில் பொதிந்து வேகவைக்கும் ரொட்டி அவர்களுடைய பழைய பலகாரம். ஐரோப்பியக் குடியேறிகள் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே இந்த மரத்தை நன்றாக அறிந்தவர்கள் இவர்கள்.

மழை விடாததால் அறையில் அக்காவின் பாடம். இத்தாலிக்கு இதே நோய் 1938-இல் போனது. எல்லாம் போய்விடும் என்றுதான் நினைத்தார்கள். 1950-களில் அந்தோனியோ பிராகி என்பவர் சில மரங்களில் புண் தானாக ஆறுவதைப் பார்த்தார். பூஞ்சைக்கே ஒரு வைரஸ் நோய் வந்திருக்கிறது, அதனால் அதன் வேகம் குறைந்துவிட்டது என்பதை பிரான்சில் ழான் கிராந்த் ஆராய்ந்து, அதையே மருந்தாகத் தோட்டங்களில் பயன்படுத்தவும் செய்தார். அந்த வைரஸை 1972-இல் கனெக்டிகட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். இங்கே பூஞ்சையில் ஒன்றோடொன்று சேராத வகைகள் மிக அதிகம், சேராத பூஞ்சைக்கு வைரஸ் சுலபமாகத் தாவாது. அதனால் ஐரோப்பாவில் நடந்தது இங்கே நடக்கவில்லை. “நோய்க்கு ஒரு நோய் வரணும்னு வேண்டிக்கிற ஒரே படிப்பு எங்க படிப்புதான்டி,” என்றாள்.

புதன், புகைமலை

மழை விட்டது. ஓகோனலஃப்டீக்கு மேலே ஒரு மலைமுகட்டுப் பாதையில் ஏறினோம். கொஞ்ச தூரத்திலேயே பெரிய பெரிய கட்டைகள் பாசி போர்த்திக் கிடந்தன. விழுந்து பல பத்தாண்டுகள் ஆகியும் மக்கி முடியாதவை. ஒன்றின் குறுக்கே நான் படுத்தால்கூட மறுபக்கம் தெரியாது, அவ்வளவு தடிமன்.

வறண்ட சரிவில் ஏறியதும் அக்கா நின்றுவிட்டாள். “இந்த இலையைப் பாரு.” நீளமான இலை, விளிம்பில் ரம்பம் மாதிரி வளைந்த பல், தடவினால் வழவழப்பு. அமெரிக்கச் செஸ்ட்நட். என் மணிக்கட்டு அளவு தண்டு, பதினைந்து அடி உயரம். கீழே பார்த்தால் அதே வேர்க்கட்டையிலிருந்து பட்டுப்போன இரண்டு தண்டு, அவற்றின் நடுவில் புதிதாக ஒரு துளிர். பூஞ்சை மண்ணுக்குள் இறங்குவதில்லை, மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் விடுவதில்லை. அதனால் தண்டு சாகும், வேர் பிழைக்கும், மறுபடி துளிர்க்கும், விரல் தடிமன் தாண்டிப் பட்டையில் வெடிப்பு விழுந்ததும் நோய் வரும், மறுபடி சாகும். நூறு வருடமாக இதுவே நடக்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான துளிர்கள் இந்த மலைகளில் இருக்கின்றன. பெரும்பாலானவை பூக்கிற வயதுக்கு வருவதே இல்லை. வந்தாலும் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, பக்கத்தில் இன்னொன்றும் பூக்க வேண்டும். தெற்குப் பக்கத்தின் தாழ்வான ஈர நிலங்களில் ஃபைட்டோஃப்தோரா என்ற இன்னொரு வந்தேறி நோய் வேரையே அழுகச் செய்துவிடுகிறது. அங்கே துளிர்க்க வேரும் மிஞ்சுவதில்லை.

எங்கள் மரத்திலும் இடுப்பு உயரத்தில் ஆரஞ்சுப் பொட்டுகள் வந்திருந்தன. பட்டை பாதிச் சுற்றுக்கு உள்வாங்கியிருந்தது. இன்னும் ஓரிரு கோடை தாங்கும் என்றாள் அக்கா.

கீழே இறங்கியதும் ஒரு ரேஞ்சரிடம் கேட்டதை இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிற நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியா, கரோலினாக்காரர்கள் நிறையப் பேர் வார இறுதியில் மலையேறுகிறவர்கள். ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் காட்டில் சரம் சரமாக வெள்ளைப் பூ பூத்த மரம் கண்டால் இலையைப் பாருங்கள். வீட்டுத் தோட்டங்களில் இருப்பது பெரும்பாலும் சீன மரம், அதன் இலையின் அடியில் மெல்லிய முடி இருக்கும், அமெரிக்க மரத்தில் இருக்காது. பெரிய மரமாக இருந்தால், அதுவும் பூத்திருந்தால், இடத்தைக் குறித்துக்கொண்டு அறக்கட்டளைக்குச் சொல்லுங்கள். தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்டு, இலைகளோடு ஒரு சின்னக் கிளையை அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்து அனுப்பினால் இனம் பார்த்துச் சொல்வார்கள். தேசியப் பூங்காவுக்குள் எதையும் பறிக்கக் கூடாது, படம் எடுத்து ரேஞ்சரிடம் காட்டினால் போதும். அப்படித் தேடிப் பிடிக்கிற காட்டு மரங்களின் மகரந்தமும் கொட்டையும்தான் மெடோவியூ போன்ற தோட்டங்களில் புதிய கலப்புகளுக்கு வேண்டியிருக்கிறது. ஒரே குடும்பத்து மரங்களை வைத்து ஒரு காட்டை உண்டாக்க முடியாது.